தூக்கிவிடுகிறவள் சொல்

போன மாதம் என் தம்பி மகள் மலையேறப் போவதற்காக ஒரு பை வாங்கி வந்தாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் கூட வேலை பார்க்கும் பெண்களோடு எங்காவது மலைக்குக் கிளம்பிவிடுவாள். பையை நிரப்பிக் கூடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நான் போய் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். கீழே வைத்தேன். "கழட்டு" என்றேன்.

"எதைக் கழட்டறது அத்தை?"

"அது உன் பாடு. நான் தூக்கிப் பார்த்தேன், சொல்லிட்டேன்."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். என் வயதுக்காரர்களே, அதிலும் அந்தப் பள்ளி விடுதியில் என்னோடு பாய் விரித்துப் படுத்தவர்களே, உங்களுக்குச் சிரிப்பு வராது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு விசிலைப் பணயம் வைத்தேன். அந்தக் கதையை இதுவரை யாரும் எழுதவில்லை. அடக்கமாக எழுத எனக்கு விருப்பமும் இல்லை. பெருமையாகவே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. அப்பா சாலைக்கு ஜல்லி உடைப்பவர். அம்மா எங்கள் ஊர்த் தோட்டங்களிலிருந்து பூசணி, அவரை, கத்தரி என்று எது கிடைக்கிறதோ அதைக் கூடையில் கட்டி ராயக்கோட்டைச் சந்தைக்குச் சுமந்து போகிறவர். இரண்டு பேரும் கைநாட்டு. என்னை ஓசூரில் பாதிரிமார் பள்ளி விடுதியில் விட்ட அன்று அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே நீ சுமை தொடக்கூடாது கண்ணு. எங்க ரெண்டு பேரோட அது போவட்டும்." நான் தலையாட்டினேன். விடுதியில் யாரிடமும் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லவில்லை. விவசாயம் என்றேன். அது பாதி உண்மை.

அந்த வருடம் தை மாதத்தில் விளையாட்டு டீச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்தவர். நெட்டையாக, எப்போதும் வெள்ளைப் புடவையில், ஒரு கையில் நோட்டுப் புத்தகத்தோடு இருப்பார். பன்னிரண்டு பெண்களை ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வரை இரண்டு நாள் நடைப்பயணம் அழைத்துப் போகப் போகிறார். தன் படுக்கை, தன் சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். முழுச் சுமையோடு ராயக்கோட்டைக் கோட்டை உச்சிக்கு ஏறுகிறவர்களில் ஒருத்தியை அணித்தலைவியாக அறிவிப்பார். அவளுக்கு விசில்.

அந்த விசிலை டீச்சர் கழுத்தில் பார்த்திருப்பீர்கள். பித்தளை. பச்சைக் கயிறு. உள்ளே ஒரு தக்கை உருண்டை ஓடும் சத்தம் அவர் நடக்கும்போதெல்லாம் கேட்கும். எனக்கு அது வேண்டும் என்று தோன்றிய அளவுக்கு அதுவரை எதுவும் வேண்டும் என்று தோன்றியதில்லை. விடுதிக்குச் சம்பளம் கட்டாத பிள்ளைகள் வரிசையில் கடைசியில் நிற்பார்கள். விசில் வைத்திருக்கிறவள் வரிசைக்கு முன்னால் நிற்பாள்.

நான் என் பையைத் தயார் செய்தேன். நமக்கெல்லாம் மதிய உணவுக்கு வந்த மாவு மூட்டை நினைவிருக்கிறதா? இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் அச்சிட்ட வெள்ளைத் துணி மூட்டை. அதில் ஒன்றை வாங்கித் தோள்பையாகத் தைத்தேன். அதற்குள் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று. ராகியைப் பொரித்து அரைத்த மாவு, ஒரு துண்டு வெல்லம், உப்பு. தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. தகர டப்பாவில் மெழுகு ஒட்டி மூடிய தீப்பெட்டி. சின்னக் கத்தி ஒன்று. அவ்வளவுதான். பொரிமாவுக்கு அடுப்பு வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் சாப்பாடு. சேலையை நாலாக மடித்தால் போர்வை, விரித்தால் கூரை, முறுக்கினால் கயிறு, ஒற்றையாகப் பிடித்தால் தண்ணீர் வடிகட்டி. அறுவடை முடிந்த மாதம் என்பதால் கீழே விரிக்கக் கேழ்வரகுத் தாள் எந்த ஊரிலும் கிடைக்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. அம்மாவோடு மலைக்குப் புல்லுக்கும் விறகுக்கும் போனவள் நான். போகும்போது எதை எடுத்துப் போகக்கூடாது என்பது எங்களுக்கு நடந்து நடந்து தெரிந்த விஷயம்.

கிளம்பும் அன்று விடியலில் டீச்சர் சமையற்கட்டிலிருந்த வில்தராசைக் கொண்டுவந்து வேப்பமரக் கிளையில் மாட்டினார். பித்தளை முகப்பும் இரும்புக் கொக்கியுமாகக் கனத்த தராசு. ஒவ்வொரு பையாகக் கொக்கியில் தொங்கவிட்டு நோட்டில் குறித்தார். ஆறு கிலோ, ஆறே கால், ஆறு. என் பை ஏறியதும் முள் கொஞ்சம் அசைந்து இரண்டே முக்காலில் நின்றுவிட்டது.

டீச்சர் பைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. அந்த இளக்கத்தை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

"ஏட்டி, வேற ஒண்ணும் கொண்டாரலயா? வீட்டுல இல்லன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார் தணிந்த குரலில். தணிந்த குரல் பன்னிரண்டு பேருக்கும் கேட்டது.

இல்லாமல் இல்லை, வேண்டாமென்றுதான் கொண்டுவரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் திரும்பி, எல்லோருமாகச் சேர்ந்து ஒருத்திக்கு உதவலாமே என்றார். எல்லோரும் சமமாகச் சுமந்தால்தான் ஒருத்தி மனசிலும் குறை இருக்காது என்பது அவர் எண்ணம். எங்களில் ஒருத்தியான டாக்டர் மகள் தன் இரண்டு கம்பளிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேறொருத்தி அலுமினியக் குண்டான். இன்னொருத்தி பிஸ்கட் டின். பள்ளியின் அரிக்கன் விளக்கையும் டீச்சர் வைத்தார். முள் ஆறில் வந்து நின்றது. டீச்சருக்கு அப்படி ஒரு திருப்தி.

நான் ஊர்ப் பொருளையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அப்பா வேண்டாமென்றது எதுவோ அதுவாகவே அன்று காலை என்னை ஆக்கிவிட்டார்கள். ஆக்கியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் நடந்தேன்.

இன்று தொழிற்சாலைச் சுவர்கள் ஓடும் இடமெல்லாம் அன்று கொள்ளும் அவரையும் கிடந்த வயல்கள். பனி முழங்கால் வரை நின்றது. முதல் மூன்று மைல் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். நான்காவது மைலில் பாட்டு நின்றது. ஐந்தாவதில் டாக்டர் மகளுக்குக் குதிகாலில் கொப்புளம். தண்ணீர்ப் புட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்தோம். உட்காரும்போதெல்லாம் டீச்சர் தன் பையிலிருந்து அந்த வில்தராசை எடுத்துச் சிலருடைய பையை நிறுத்துப் பார்த்தார். யாரும் எதையும் வழியில் போட்டுவிடக் கூடாதல்லவா. மாவு மூட்டைத் துணி மெல்லியது. விளக்கின் கம்பி என் முதுகெலும்பைக் குத்திக்கொண்டே வந்தது. தோளில் வார் அறுத்த இடத்தில் ஈரம் பட்டது. தலையில் ஏற்றினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஏற்றவில்லை. பார்ப்பவர்களுக்கு எங்கள் வீட்டுத் தொழில் விவசாயம் இல்லை என்று தெரிந்துவிடும்.

சானமாவுக் காட்டோரம் வரும்போது உச்சி கடந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அங்கே காட்டுக் காவலர் ஒருவர் தன் குடிசையிலிருந்து ஓடிவந்து வழியை மறித்தார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். எங்கள் கூட்டத்தையும் முதுகு வீக்கத்தையும் பார்த்துத் திகைத்துப்போனார்.

"ரோட்டு மேல போவாதீங்கம்மா. வளைவுல ஆனெ நிக்குது. ஏழு உருப்படி, குட்டி வேற."

ராகிக் கதிருக்கு வந்த கூட்டம், அறுவடை முடிந்தும் திரும்பாமல் நிற்கிறது என்றார். மலையைச் சுற்றி ஒரு வண்டித்தடம் உண்டு. நான்கு மைல். வறண்ட ஓடை ஒன்றைக் கடந்து போனால் உத்தனப்பள்ளிப் பக்கம் வெளியே விடும். ஆனால் பொழுது சாயும்போது கூட்டம் அந்த ஓடை மணலைத் தோண்டித் தண்ணீர் குடிக்கத்தான் இறங்கும். அதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஓசூருக்கே திரும்புங்கள் என்றார்.

டீச்சர் சூரியனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் வந்த வேகத்தில் நான்கு மைலுக்குப் பொழுது போதாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. திரும்பினால் பயணம் முடிந்தது, கோட்டை இல்லை, விசில் இல்லை. சுமையில் கொஞ்சத்தைக் காவலர் குடிசையில் விட்டுவிட்டால் போகலாம். ஆனால் முழுச் சுமையோடு ஏறுகிறவளுக்குத்தான் விசில். வழி எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் விசில் என்னுடையது இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நினைவில்லை. டாக்டர் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், எல்லாரும் இறக்கி வைக்கட்டும். எங்கம்மாவுங்க செய்யற மாதிரி செய்யலாம்."

"உங்கம்மா என்ன செய்வாவ?"

"சுமை தூக்குவாங்க டீச்சர். ராயக்கோட்டைச் சந்தைக்கு."

சொல்லிவிட்டேன். காவலர் வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே போனது. வேறொன்றும் ஆகவில்லை.

பிறகு எங்கள் பெண்களின் வழக்கத்தைச் சொன்னேன். தலைச்சுமையைத் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொருத்தி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அவரவர் சுமை அவரவர் கண்ணுக்கு எப்போதும் இலேசாகத்தான் தெரியும். இன்னும் ஒரு கட்டு வைத்தால் என்ன என்றுதான் தோன்றும். அதனால் கனம் பார்ப்பது தூக்கிவிடுகிறவளின் வேலை. அவள் மார்பு வரை தூக்கிப் பார்த்து, அதிகம் என்று பட்டால், கீழே வைத்துவிட்டு "கழட்டு" என்பாள். எதை என்று சொல்ல மாட்டாள். சுமப்பவள் மறுபேச்சுப் பேசக்கூடாது, எதையாவது எடுத்தே ஆகவேண்டும். பேசினால் அடுத்த முறை அவளுக்குத் தூக்கிவிட ஆள் வராது.

இரண்டு இரண்டு பேராக நிறுத்தினேன். ஒருத்தி பையை இன்னொருத்தி தூக்கினாள். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ருசி கண்டுவிட்டது. "கழட்டு", "கழட்டுடி", "இன்னும் கழட்டு" என்று காடெல்லாம் அதே சத்தம். பவுடர் டப்பா வெளியே வந்தது. கதைப் புத்தகம் வந்தது. இஸ்திரி போட்ட சீருடை ஒரு ஜோடி வந்தது. ஒருத்தி பையிலிருந்து வீட்டில் சுட்ட முறுக்கு ஒரு தூக்குவாளி நிறைய வந்தது. அதைக் காவலர் வீட்டில் விட மனமில்லாமல் அங்கேயே நின்றபடி தின்று தீர்த்தோம்.

என் பையைத் தூக்கியவள் டாக்டர் மகள். தூக்கினாள், வைத்தாள். "கழட்டு" என்றவள், நான் குனிவதற்குள் அவளே கையை விட்டுத் தன் கம்பளியை வெளியே இழுத்தாள்.

"இது என்னுது. இதை எதுக்கு நீ சுமக்கணும்?" என்றாள். குண்டானையும் பிஸ்கட் டின்னையும் அவளே எடுத்து வைத்தாள். கடைசியில் விளக்கையும்.

எஞ்சியது டீச்சர் பை. யாரும் கிட்டே போகவில்லை. நான் போனேன். இரண்டு கையாலும் தூக்கினேன். எங்கள் எல்லோருடையதையும்விடக் கனம்.

"கழட்டுங்க டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். மறுபேச்சுக் கூடாது என்று சற்று முன் நான் சொன்ன விதியை அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. குனிந்து, பைக்குள் கையைவிட்டு, அந்த வில்தராசை எடுத்தார். காவலர் வீட்டுத் தரையில் எல்லாப் பொருள்களுக்கும் மேலே அதை வைத்தார்.

"எளவு, இதுவே ரெண்டு கிலோ இருக்கும் போலுக்கே" என்றார். நாங்கள் சிரிக்கலாமா என்று யோசித்தோம். அவரே சிரித்துவிட்டார்.

அதன்பிறகு நான் சேலையில் ஒரு முனையைச் சுருட்டிச் சும்மாடாக்கி, பையைத் தலையில் ஏற்றினேன். மனசுக்குள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். முதுகு நிமிர்ந்தது. தோள் எரிச்சல் நின்றது. மற்றவர்களும் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பை உருண்டு புதரில் விழுந்தது. மூன்று பேருக்கு மட்டும் கீழே விடாமல் நடக்க வந்தது.

தடத்தில் நான் முன்னால் போனேன். டீச்சர்தான் போகச் சொன்னார். ஒரு திருப்பத்தில் யானைச் சாணம் கிடந்தது. குச்சியால் கிளறிப் புறங்கையால் தொட்டேன். மேலே காய்ந்து உள்ளே ஈரம், சூடில்லை. விடியற்காலையில் போனது என்றேன். ஒரு பிடி மண்ணை உயரப் பிடித்து விட்டேன். அது எங்கள் முகத்தின் மேல் பறந்து வந்தது. காற்று ரோட்டு வளைவிலிருந்து எங்களை நோக்கி அடித்தது. எங்கள் வாடை அங்கே போகாது. ஓடை மணலில் கை முழங்கை வரை போகத் தோண்டினேன். கலங்கலாக ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் தெளியவிட்டு, சேலை வழியாக வடித்துக் குடுக்கையில் நிரப்பினேன். பன்னிரண்டு பேரும் டீச்சரும் அதில் குடித்தோம். டாக்டர் மகள் குடிக்குமுன் ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு இரண்டு முறை வாங்கிக் குடித்தாள்.

ஓடையைத் தாண்டிச் சற்று தூரம் போன பிறகு, பின்னால் எங்கோ ஒரு மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை. யாரும் ஓடவில்லை. சுமை குறைந்திருந்ததால் வேகமாக நடக்க முடிந்தது. உத்தனப்பள்ளியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றபோது மேற்கே இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. அன்று கேழ்வரகுத் தாளில் எனக்குப் பக்கத்தில் படுத்தவள் டாக்டர் மகள். விட்டுவந்த கம்பளியைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

மறுநாள் ராயக்கோட்டைக் கோட்டை உச்சிக்குப் பன்னிரண்டு பேரும் ஏறினோம். கீழே வயல்கள், ரயில் பாதை, சந்தைக் கூட்டத்தின் புள்ளிகள். டீச்சர் எங்களை வரிசையில் நிறுத்தினார். விசிலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முழுச் சுமை என்று சொல்லியிருந்தேன், ஒருத்தியிடமும் ஆறு கிலோ இல்லை, சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றார். விசிலை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். என் கண் அந்தப் பச்சைக் கயிற்றோடேயே போனது. ஆனால் சொல்கிறேன், அவர் அதை இரக்கப்பட்டுக் கொடுக்காததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. ஒரு முறை இரக்கம் வாங்கியவளுக்கு அது புரியும்.

விசில் எனக்கு அடுத்த வருடம் வந்தது. அந்த நடைப்பயணத்தின் காலையில் வேப்பமரத்தில் தராசு தொங்கவில்லை. டீச்சர் விசிலை என் கழுத்தில் மாட்டி, ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அந்த விசில் பின்னாளில் வீடு மாற்றும்போது எங்கோ தொலைந்தது. நான் அதிகம் வருந்தவில்லை. எனக்கு வரவேண்டியது அதற்கு முன்பே, கோட்டையிலிருந்து இறங்கிய அன்று சந்தையில், வந்துவிட்டது.

அம்மா சந்தை ஓரத்தில் நின்றிருந்தார். யாரோ வியாபாரி வாங்கிய பூசணிகளைக் கூடையில் அடுக்கி லாரிக்குச் சுமந்து போவதற்காக, தூக்கிவிட ஆளைத் தேடிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சீருடைப் பெண்களைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைத் தெரியாதவர் போல. எனக்காக.

நான் வரிசையை விட்டு ஓடினேன். "அம்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். கூடையின் விளிம்பில் கை வைக்கப் போனபோது, பின்னாலிருந்து "நீ நில்லுட்டி" என்று டீச்சர் குரல் கேட்டது. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அம்மா பதறி, வேண்டாம் டீச்சரம்மா என்றார். டீச்சர் கேட்கவில்லை. மார்பு வரை தூக்கினார். மெல்லக் கீழே வைத்தார்.

"கழட்டுங்கம்மா" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே இருந்த பெரிய பூசணி இரண்டை எடுத்து அடுத்த நடைக்கு ஒதுக்கி வைத்தார். டீச்சர் மறுபடி தூக்கிவிட்டார். இந்த முறை சுமை அம்மாவின் தலையில் போய் அலுங்காமல் உட்கார்ந்தது.

கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டி அம்மா கேட்டார்.

"யாரு கண்ணு இவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி டீச்சர்தான் பதில் சொன்னார்.

"உங்க மவதான்."